முதல் சீனக் கத்தோலிக்க ஆயர் (பிஷப்) 1926-ல் வந்தவரா? இல்லை

'1926-ல் திருத்தந்தை (போப்) பதினோராம் பயஸ் ரோமில் திருநிலைப்படுத்திய 6 பேர்தான் முதல் சீன ஆயர்கள்' என்ற பதிவு பரவுகிறது. அந்த 6 பேர் உண்மை. 'முதல்' என்பது பிழை.

1685-லேயே தென்சீன நகரான குவாங்சோவில் ஆயரானவர் லுவோ வென்சாவ். ஃபுஜியான் மாகாணத்துக்காரர், தொமினிக்கன் என்ற கத்தோலிக்கத் துறவற சபையின் துறவி. மணிலாவில் குருப்பட்டம் பெற்றவர். 1660-களில் வெளிநாட்டுக் குருக்களைக் குவாங்சோவில் அடைத்து வைத்தார்கள். சீனர் என்பதால் கூட்டத்தோடு கூட்டமாக நடமாட முடிந்த இவர், மாகாணம் மாகாணமாகப் போய் ஞானஸ்நானம் கொடுத்தார். ஆயரானபின் 1688-ல் மூன்று சீனர்களுக்குக் குருப்பட்டம் அளித்தார். அவர்களில் ஒருவர் புகழ்பெற்ற ஓவியர் வூ லீ. அப்போதே 50 வயதைத் தாண்டியவர்.

'முதல்' என்று எழுதும்போது இந்த மனிதரோடு இன்னொன்றும் மறைகிறது, அதுதான் எனக்கு வலிக்கிறது: 1691-ல் லுவோ இறந்தபின் அடுத்த சீன ஆயருக்காக சீனக் கத்தோலிக்கர்கள் 235 ஆண்டுகள் காத்திருந்தார்கள்.