சார்ட்டில் தெரியாத கடன்

பங்கு விலையின் வேகத்தை 0 முதல் 100 வரை காட்டும் ஆர்.எஸ்.ஐ. 70-ஐத் தாண்டிவிட்டது என்ற ஒரே காரணத்துக்காக எந்தப் பங்கையும் ஷார்ட் செய்யாதீர்கள். அதாவது, விலை இறங்கியதும் வாங்கித் திருப்பித் தரலாம் என்று பங்கைக் கடன் வாங்கி விற்காதீர்கள். இதைத் தனித்தனியாகப் பலரிடம் சொல்லிவிட்டேன். இன்று எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

வெல்ஸ் வைல்டர் 1978இல் அறிமுகப்படுத்திய அளவுகோல் அது. கடந்த 14 நாட்களின் சராசரி ஏற்றத்தைச் சராசரி இறக்கத்தோடு ஒப்பிடுகிறது, அவ்வளவுதான். 80 என்று காட்டினால் அந்தப் பங்கு வேகமாக ஏறியிருக்கிறது என்று பொருள். களைத்துவிட்டது என்று பொருள் இல்லை. வலுவான பங்குகள் வாரக்கணக்கில் 70-க்கு மேலேயே நிற்கும். நான் ஒருமுறை 74-இல் ஷார்ட் செய்தேன், 80-இல் இன்னும் கொஞ்சம் விற்றேன், 85-இல் மறுபடியும். சார்ட் மென்பொருள் ஒவ்வொரு நாளும் ‘விற்கலாம்’ என்று சிவப்பு அம்புக்குறி காட்டியது. விலை ஒவ்வொரு நாளும் ஏறியது.

வாங்குகிறவருக்கும் ஷார்ட் செய்கிறவருக்கும் கணக்கு ஒன்றல்ல. 100-க்கு விற்ற பங்கு பூஜ்ஜியமே ஆனாலும் லாபம் 100தான். அது 300 ஆனால் நஷ்டம் 200. அதைவிடக் கொடியது, தவறாகப் போகும் ஷார்ட் நம் கணக்கில் வீங்கிக்கொண்டே போவது. வாங்கிய பங்கு இறங்கினால் நம் முதலீட்டில் அதன் அளவு சுருங்கும், இங்கே தலைகீழ்.

ஜெர்மன் கார் நிறுவனமான ஃபோக்ஸ்வாகனை நினைத்துப் பாருங்கள். 2008 அக்டோபர் 26, ஞாயிற்றுக்கிழமை. அதன் 42.6 சதவீதப் பங்குகளும், மேலும் 31.5 சதவீதத்துக்கான ஆப்ஷன்களும் (பங்கு விலையைச் சார்ந்த ஒப்பந்தங்கள்) தன்னிடம் இருப்பதாக இன்னொரு கார் நிறுவனமான போர்ஷே அறிவித்தது. ஜெர்மனியின் லோயர் சாக்சனி மாநில அரசிடம் ஏற்கெனவே சுமார் 20 சதவீதம் இருந்தது. சந்தையில் வாங்கக் கிடைக்கும் மிச்சம் ஆறு சதவீதம்கூட இல்லை; ஷார்ட் செய்தவர்கள் வாங்கித் திருப்பித் தர வேண்டியதோ அதைவிட அதிகம். எல்லோரும் ஒரே நேரத்தில் வாங்க ஓடினார்கள். வெள்ளிக்கிழமை சுமார் 210 யூரோவாக இருந்த விலை செவ்வாய்க்கிழமை 1,000 யூரோவைத் தாண்டியது. உலகின் எந்த நகரும் சராசரியும் (கடந்த சில நாட்களின் விலைச் சராசரி) இதை முன்கூட்டிச் சொல்லியிருக்காது. அது யார் கையில் எவ்வளவு இருக்கிறது என்ற கேள்வி. விலைக்கோட்டில் அதற்கு இடமே இல்லை.

மென்பொருளை நான் தூக்கி எறியவில்லை. தினமும் திறக்கிறேன். ஆனால் எதை விற்பது என்று அதனிடம் கேட்பதில்லை. எப்போது விற்பது, எங்கே தவறை ஒப்புக்கொண்டு வெளியேறுவது என்று மட்டும் கேட்கிறேன். விலையின் 200 நாள் சராசரி கீழ்நோக்கி வளைந்திருக்க வேண்டும். முக்கியமான ஆதரவு விலை, அதாவது இறங்கும் பங்கு வழக்கமாக நின்று திரும்பும் விலை, உடைந்து, பங்கு மீண்டும் அங்கே ஏறிவந்து, குறைந்த வால்யூமில் (கைமாறும் பங்குகளின் எண்ணிக்கை) தடுமாற வேண்டும். அப்போதுதான் விற்பேன், நஷ்டத்தை ஏற்று வெளியேற வேண்டிய ஸ்டாப் லாஸ் விலையை முதலில் எழுதி வைத்துவிட்டு.

ஒரு உத்தியைப் பழைய விலைகளில் ஓட்டிப் பார்க்கும் பேக்டெஸ்ட் முடிவுகளையும் சந்தேகத்தோடு பாருங்கள். பங்கைக் கடன் வாங்கும் கட்டணம், இடையில் வரும் டிவிடெண்டை நாமே கட்ட வேண்டியது, கடன் கொடுத்தவர் திடீரென்று பங்கைத் திரும்பக் கேட்பது ஆகியவை பெரும்பாலும் அதில் இருக்காது.

இனி என்னிடம் சார்ட் அனுப்புகிறவர்கள், அந்தப் பங்கில் எத்தனை சதவீதம் ஏற்கெனவே ஷார்ட் செய்யப்பட்டிருக்கிறது என்பதையும் சேர்த்து அனுப்புங்கள். அதைத்தான் முதலில் பார்ப்பேன்.