டயர் பெயரை அப்புறம் சொல்லுங்கள், முதலில் காற்றைச் சொல்லுங்கள்

நானும் நண்பர் ஒருவரும் எங்கள் மலைச் சைக்கிள்களுக்கு ஒரே டயரை, ஒரே அகலத்தில், ஒரே வாரத்தில் வாங்கி மாட்டினோம். ஒரே பம்பில் 26 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) காற்று அடித்துக்கொண்டு ஒரே மலைப்பாதையில் இறங்கினோம். கீழே வந்ததும் அவர், “பசை தடவியதுபோல ஒட்டிக்கொண்டு வருகிறது” என்றார். எனக்கோ வளைவுக்கு வளைவு பின்சக்கரம் நெளிந்தது. கல் வந்த இடத்திலெல்லாம் ரிம் இடித்தது. “குப்பை” என்றேன். இரண்டு மாதம் விடாமல் வாதாடினோம். அவர் எடை 58 கிலோ, என் எடை 87 கிலோ என்பதை இருவருமே ஒருமுறைகூடப் பேச்சில் எடுக்கவில்லை.

பிறகு சிறிய டிஜிட்டல் மானி ஒன்றை வாங்கிச் சோதித்தபோது, பம்பின் முள் காட்டிய 26 உண்மையில் 22 என்று தெரிந்தது. 160 வரை எண் போட்ட வட்டத்தில் 4 பிஎஸ்ஐ என்பது மயிரிழை அளவு. 90 பிஎஸ்ஐ காற்றடிக்கும் சாலைச் சைக்கிளுக்கு அது ஒரு பொருட்டே அல்ல. மலைச் சைக்கிளுக்கு அந்த நான்கில்தான் எல்லாம் இருக்கிறது. அவருடைய எடைக்கு 22 அமிர்தமாக அமைந்துவிட்டது. என்னுடைய எடைக்கு அது காற்று இறங்கிய டயர். ஆக, நாங்கள் சண்டை போட்டது டயரைப் பற்றியே அல்ல.

அன்றிலிருந்து யார் டயரைப் பற்றிக் கருத்துச் சொன்னாலும் நான் கேட்பது இவைதான்: உங்கள் எடை என்ன, முன்னால் எவ்வளவு காற்று, பின்னால் எவ்வளவு? பதில் இல்லையென்றால் அந்தக் கருத்தை நான் கணக்கில் வைப்பதில்லை. திமிர் என்கிறார்கள். இருக்கட்டும்.

இதற்காக, டயர்களுக்குள் வித்தியாசமே இல்லை என்று சொல்ல வரவில்லை. மேக்சிஸ் நிறுவனத்தின் மினியன் டிஎச்எஃப், அசகாய் என்ற இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். முன்சக்கரத்துக்கு எது என்பதில் ஓட்டுபவர்கள் கட்சி கட்டி நிற்கிறார்கள். டிஎச்எஃப் டயரில் நடுப் பட்டன்களுக்கும் (பட்டன் என்பது டயரின் மேல் துருத்தி நிற்கும் ரப்பர் முளை) ஓரப் பட்டன்களுக்கும் நடுவே ஒரு வாய்க்கால் ஓடுகிறது. சைக்கிளைத் துணிந்து சாய்ப்பவருக்கு அது ஒரு பொருட்டல்ல. ஓரப் பட்டன்கள் மண்ணைக் கவ்விக்கொள்ளும், அந்தப் பிடி அவருக்குத் தெளிவாகக் கைக்குத் தெரியும். பாதி சாய்த்துவிட்டுத் தயங்குபவர் அந்த வாய்க்காலிலேயே நின்றுவிடுகிறார். அங்கே பிடிப்பதற்குப் போதுமான ரப்பர் இல்லை. தென்னாப்பிரிக்க மலைச் சைக்கிள் பந்தய வீரர் கிரெக் மின்னார் பங்களிப்பில் 2018இல் வந்த அசகாய், அந்த இடைவெளியில் பட்டன்களை நட்டு வைத்தது. எவ்வளவு சாய்த்தாலும் பிடி ஒரே சீராக இருக்கிறது. மிதிக்கும்போது கொஞ்சம் இழுக்கிறது என்பதுதான் அதற்குக் கொடுக்கும் விலை.

இப்போது சொல்லுங்கள், எது நல்ல டயர்? சாய்க்கத் தெரிந்தவருக்கு ஒன்று, தயங்குபவருக்கு மற்றொன்று. நான் தயங்குபவன். இதை ஒப்புக்கொள்ளவே எனக்குப் பல வருடங்கள் பிடித்தன. அதுவரை எல்லாப் பழியையும் வாய்க்காலின் மேல் போட்டுக்கொண்டிருந்தேன்.

இன்னொரு தொல்லை, ஒரே பெயரில் பல டயர்கள் விற்பது. பட்டன் அமைப்பு ஒன்றுதான். ஆனால் ரப்பர் கலவை வேறு, கேசிங் எனப்படும் உள்ளே இருக்கும் துணியின் கனம் வேறு. மென்மையான ரப்பர் ஈரப் பாறையிலும் வேரிலும் ஒட்டும், மெதுவாக உருளும், சீக்கிரம் தேயும். மெல்லிய கேசிங்குக்கும், செங்குத்தான இறக்கங்களுக்கான கனத்த டவுன்ஹில் கேசிங்குக்கும் ஒரு டயருக்கு ஏறத்தாழ 300 கிராம் வித்தியாசம் வரும். “அந்த டயர் ஒரே மாதத்தில் கிழிந்துவிட்டது” என்று ஒருவரும், “இரண்டு வருடமாக ஓட்டுகிறேன்” என்று இன்னொருவரும் சொன்னால் இருவரும் உண்மையையே சொல்லியிருக்கலாம். பக்கவாட்டில் பொறித்திருக்கும் சின்ன எழுத்துகளைப் படித்துச் சொல்லியிருந்தால் பாதிச் சண்டை மிச்சமாகியிருக்கும்.

‘வேகமான டயர்’ என்ற பேச்சைக் கேட்டால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. பலர் அதைச் சோதிப்பது மலைப்பாதையில் அல்ல, பாதை தொடங்கும் இடம் வரையிலான தார்ச்சாலையில். அங்கே இறுக்கமாகக் காற்றடித்த டயர் விர்ரென்று ஓடும். கரடுமுரடான தரையில் நிலைமை வேறு. இறுகிய டயர் ஒவ்வொரு கல்லிலும் சைக்கிளையும் ஆளையும் மேலே தூக்கி எறிகிறது. முன்னால் போக வேண்டிய வேகம் அதில் செலவாகிறது. சற்று மென்மையான டயர் கல்லைத் தனக்குள் வாங்கிக்கொண்டு உருளும். குலுங்குவதை வேகம் என்று உடம்பு எடுத்துக்கொள்வதால்தான் இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை.

சேற்று டயர் விஷயத்தில் எனக்கு வாதமே கிடையாது. உயரமான பட்டன்கள், நடுவில் நல்ல இடைவெளி, சேறு ஒட்டாமல் உதிர வேண்டும், அவ்வளவுதான்.

அகலம் பற்றியும் வாய் திறக்க எனக்குக் கூச்சம். 2016 வாக்கில் 2.8 அங்குல டயர்கள் அலையாக வந்தபோது, இனி இதுதான் எதிர்காலம் என்று எல்லாரிடமும் அடித்துப் பேசியவன் நான். பந்துபோல எம்பிக் குதித்து ஒருமுறை புதருக்குள் போய் விழுந்தேன். அதன் பிறகு நானும் பெரும்பாலானவர்களைப் போல 2.4, 2.5 என்று திரும்பிவிட்டேன். நான் பேசிய பேச்சை யாரும் மறக்கவில்லை.

இப்போது முன்னால் மென்மையான ரப்பரில் அசகாய், 22 பிஎஸ்ஐ. பின்னால் கொஞ்சம் கடினமான ரப்பர், கனமான கேசிங், 27 பிஎஸ்ஐ. பின்சக்கரம்தான் எடையை அதிகம் சுமக்கிறது, கல்லில் அடி வாங்குவதும் அதுதான். ரிம்முக்குள் நுரை வளையம் போட்டால் மெல்லிய கேசிங்கே போதும், கனமும் குறையும் என்கிறார் அந்த 58 கிலோ நண்பர். வளையத்தின் எடையை அவர் கூட்டவில்லை என்கிறேன் நான். தராசு ஒன்று எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார்.