பொலிட்டிக்ஸா? கெமிஸ்ட்ரி இல்லையா?

இங்கே பிரிட்டனில் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஏ லெவல் படிப்புக்கு மகள் மேத்ஸ், வரலாறு, பொலிட்டிக்ஸ் எடுத்தாள் என்றதும் சொந்தக்காரர் போன் பண்ணித் துக்கம் விசாரிக்காத குறை. "பொலிட்டிக்ஸா? கெமிஸ்ட்ரி இல்லையா?" டாக்டராக வேண்டுமென்றால் கெமிஸ்ட்ரி வேண்டும், சரி. இவளுக்கு ரத்தத்தைக் கண்டாலே மயக்கம். சட்டம் படிக்க ஆசை. அதற்கு இந்தப் பாடம் தாராளமாகப் போதும்.

நானும் ஊரில், இலங்கையில், ஏ.எல்.லுக்கு அரசியல் விஞ்ஞானம் படித்தவன். டியூட்டரி நோட்ஸ், மனப்பாடம், பரீட்சை. அந்தத் தைரியத்தில் "உங்கட அரசியலமைப்பில் எத்தனை உறுப்புரை?" என்று கேட்டேன். "ஒரே புத்தகமாக இங்கே ஒன்றும் இல்லை அப்பா" என்றாள். சட்டம், தீர்ப்பு, மரபு என்று அங்கங்கே கிடக்கிறதாம். மனப்பாடம் பண்ண என்னதான் இருக்கிறது என்று அன்றைக்கே எனக்குச் சந்தேகம்.

போன மாதம் ஒரு கட்டுரை. 30 புள்ளி, முக்கால் மணி நேரம். தொகுதியில் அதிக வாக்கு எடுத்தவரே வெல்லும் இங்குள்ள தேர்தல் முறையை மாற்ற வேண்டுமா? 2024இல் தொழிற்கட்சிக்கு 34 வீதம்கூட இல்லாத வாக்குக்கு 411 ஆசனம், ரிஃபோர்ம் கட்சிக்கு 14 வீதத்துக்கு வெறும் 5. எல்லாம் எழுதியிருந்தாள். மாற்றக்கூடாது என்பவர்களின் நியாயத்தையும் விடவில்லை. என் காலத்தில் இதற்கு முழுப் புள்ளி. டீச்சரோ ஓரத்தில் பச்சைப் பேனாவால் ஒரு வரிதான் எழுதியிருந்தார்: "சரி, நீ என்ன நினைக்கிறாய்?"

என்னை அந்தக் கேள்வி எந்த வகுப்பிலும் யாரும் கேட்டதில்லை. நம் பிள்ளைகள் இந்தப் பாடத்தை எடுக்க வேண்டும் என்று நான் சொல்வது இதற்காகத்தான். வீட்டிலும் நாம் கேட்பதில்லையே.

இரண்டு இரவு சாப்பாட்டு மேசையில் இருந்து திருத்தி எழுதினாள். நான் சும்மா இருப்பேனா? இலங்கையில் 1977இல் இதே முறையில்தான் தேர்தல் நடந்தது, பாதிக்குச் சற்று மேலான வாக்குக்கு ஐக்கிய தேசியக் கட்சி 168இல் 140 ஆசனத்தை அள்ளியது, கிட்டத்தட்ட 30 வீதம் எடுத்த சுதந்திரக் கட்சிக்கு 8தான், அதனால் 18 ஆசனம் வென்ற தமிழர் கூட்டணி எதிர்க்கட்சியானது என்று மூச்சு விடாமல் சொன்னேன். பேனாவை வைத்துவிட்டுக் கேட்டாள். கண்ணெல்லாம் விரிந்தது.

"சூப்பர் அப்பா. ஆனா இந்தப் பேப்பர் யூகே பொலிட்டிக்ஸ். இதுக்கு மார்க்ஸ் வராது."