விழுந்தது சரி, குண்டு எங்கே பட்டது?

இரண்டு நாளாக அந்த எல்க் (வட அமெரிக்காவின் பெரிய மான்) வேட்டை வீடியோவை ஆளாளுக்கு எனக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறீர்கள். கீழே "கெத்து", "மரண மாஸ்" என்று வரிசையாக வாழ்த்து. வேட்டைக்காரர் ஒருவர் 700 யார்டுக்கு அப்பாலிருந்து, நெஞ்சைக் கோணலாக நம் பக்கம் திருப்பி நிற்கும் ஆண் எல்க்கைச் சுடுகிறார். முதல் குண்டு வயிற்றில். அது முதுகைக் கூனிக்கொண்டு நாலு அடி நடக்கிறது. இரண்டாவது பின்தொடையில். அங்கே வீடியோவை வெட்டிவிட்டு, அடுத்த காட்சியில் கொம்பைப் பிடித்துக்கொண்டு சிரிப்பு. நடுவில் எவ்வளவு நேரம் போனது என்றுதான் வீடியோவுக்குக் கீழே கேட்டேன். ஒரு மணி நேரமா, ஓர் இரவா? அதற்குத்தான் இத்தனை வசவு.

"அதான் விழுந்துடுச்சே, அப்புறம் என்ன?" என்கிறீர்கள். விழுவது கணக்கே இல்லை. எங்கே பட்டது என்பதுதான் கணக்கு.

ஆண் எல்க் 300 கிலோவுக்கு மேல் வரும். பக்கவாட்டில் நிற்கும்போது முன்னங்காலின் பின்விளிம்பைப் பிடித்துக் கண்ணை மேலே கொண்டுபோங்கள். உடம்பின் அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் நிறுத்துங்கள். இரண்டு நுரையீரலும் அங்கே இருக்கின்றன, சற்றுக் கீழே இதயம். ஒரு அடிக்குக் கொஞ்சம் மேலான அகலம், அவ்வளவுதான். மேலே தவறினால் முதுகெலும்பின் முள்ளில் பட்டுத் தடாலென்று விழும், நாம் கைகுலுக்கிக்கொண்டிருக்கும்போதே எழுந்து காட்டுக்குள் போய்விடும். பின்னால் தவறினால் ஈரல். இன்னும் பின்னால் போனால் இரைப்பையும் குடலும். நுரையீரலில் பட்டால் ரத்தம் இளஞ்சிவப்பாக, நுரையோடு கிடக்கும். ஈரல் என்றால் கறுத்த ரத்தம். குடல் என்றால் ரத்தம் குறைவு, பச்சையும் பழுப்புமாக நாற்றம். குடலில் குண்டு வாங்கிய எல்க் சாவதற்கு மணிக்கணக்காகும். அதைத்தான் அந்த வீடியோவில் வெட்டியிருக்கிறார்கள்.

அது நமக்கு முதுகைக் காட்டிக் கோணலாக நின்றால், மறுபக்கத்து முன்னங்காலை மனதில் வைத்துச் சுடலாம், குண்டு நெஞ்சுக்கூட்டைக் குறுக்கே கடக்கும். நம்மைப் பார்த்துக் கோணலாக நின்றால் முன்னே தடித்த தோள் எலும்பு, பின்னே வயிறு. அப்போது காத்திருக்க வேண்டும். திரும்பாமலே போய்விட்டால் போகட்டும்.

"அவரிடம் இருக்கிற தொலைநோக்கி ஸ்கோப்பும் ரைஃபிளும் உனக்குத் தெரியுமா?" என்று ஒருவர். தெரியும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதாக இருந்தாலும் 700 யார்டைக் கடக்க அந்தக் குண்டுக்கு ஏறக்குறைய ஒரு விநாடி ஆகிறது. அந்த ஒரு விநாடியில் எல்க் ஒரே ஒரு எட்டு எடுத்து வைத்தால் போதும், நுரையீரலுக்கு வைத்த குறி வயிற்றில் போய் முடியும். இதை எந்த ஸ்கோப் சரிசெய்யும்? நடுவில் பள்ளத்தாக்கில் வீசும் காற்றை நான் இன்னும் சேர்க்கவே இல்லை.

"சட்டப்படி எல்லாம் சரிதானே?" நான் வேட்டையாடும் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் எல்க்குக்குக் குறைந்தது 6 மில்லிமீட்டர் ரைஃபிள், 85 கிரெய்ன் எடையுள்ள, பட்டதும் விரியும் குண்டு என்று விதி இருக்கிறது. காயம்பட்டதைத் தேடிப் போக வேண்டும் என்றும் இருக்கிறது. எங்கே குறி வைப்பது என்பதை நம்மிடம் விட்டிருக்கிறார்கள். நம்பி விட்டிருக்கிறார்கள்.

எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் பக்கத்து வீட்டுப் பெரியவர். ஃப்ளாட் டாப்ஸ் மலையில் நான் முதலில் சுட்ட பெண் எல்க், இரண்டு நுரையீரலிலும் குண்டு வாங்கிய பிறகும் ஒன்றுமே நடக்காததுபோல நின்றது. "நிற்கிறவரை சுடு" என்று காதருகே சொன்னார். சுட்டேன், விழுந்தது. எல்க்கின் உடம்பு அப்படி, வலியைக் காட்டாது. இன்னொரு வருடம் கீழ்த்தாடை உடைந்து தொங்கும் ஒரு பெண் எல்க்கைப் பார்த்தோம். விலா எலும்பை எண்ணிவிடலாம். யாரோ தலைக்குக் குறி வைத்து, அது முகத்தைத் திருப்பிய நேரத்தில் தாடையில் பட்டிருக்கிறது. மேய முடியாமல் நாள்கணக்காகப் பட்டினி. பெரியவர் அந்த வருடத்துத் தன் ஒரே டேக்கை, அதாவது ஒரு எல்க்கைச் சுடும் அனுமதிச் சீட்டை, அதன்மேல் செலவழித்தார். கறி ஒன்றும் தேறவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் அவர் பேசவே இல்லை. தலைக்குச் சுட்டால் கறி வீணாகாது என்று எழுதியிருக்கும் தம்பிக்கு இதுதான் என் பதில்.

"கொல்வதே பாவம், இதில் என்ன தர்மம்?" என்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. கறியே தொடாதவர் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன். மற்றவர்கள் கறிக்கடைக்குப் பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும்.

என் மனதைச் சுட்டது வேறு. "ஊரில் உண்டிவில்லால் ஓணான்கூட அடிக்காதவன், நேற்று அமெரிக்கா போய் வகுப்பெடுக்கிறான்" என்று எழுதியவர் என் வீட்டில் உட்கார்ந்து எல்க் கறிக்குழம்பு இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர். ஆமாம், நான் வெளியூர்க்காரன்தான். வேட்டைப் பயிற்சி வகுப்பில் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து படித்தவன்தான். நூறு வருடத்துக்கு முன் இதே கொலராடோவில் எல்க் அழியும் நிலைக்கு வந்து, வயோமிங்கிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். இன்று அமெரிக்காவிலேயே அதிக எல்க் இருப்பது இங்கேதான். அதற்குப் பெரும்பங்கு வேட்டைக்காரர்கள் கட்டிய உரிமப் பணம். நானும் வருடா வருடம் கட்டுகிறேன். அந்த விலங்கு எப்படிச் சாக வேண்டும் என்று பேச எனக்கு எந்த ஊர்ச் சான்றிதழ் வேண்டும்?

அக்டோபரில் யாராவது வருவதாக இருந்தால் ஆகஸ்டிலேயே சொல்லுங்கள், துப்பாக்கிப் பயிற்சி ரேஞ்சுக்குப் போவோம். மேஜையில் மணல்மூட்டை வைத்துச் சுடுவது வேண்டாம். மேடேறி மூச்சு வாங்க, முட்டிபோட்டு, சாப்பாட்டுத் தட்டு அளவு இலக்கில் ஒவ்வொரு முறையும் எவ்வளவு தூரம்வரை படுகிறதோ அதுதான் உங்கள் தூரம். என்னுடையது 250 யார்டு. அதற்கு அப்பால் எவ்வளவு பெரிய கொம்போடு நின்றாலும் நான் சுடமாட்டேன். கோழை என்று எழுதுவதானால் எழுதிக்கொள்ளுங்கள்.