எந்தப் பக்கத்தில் இருக்கிறீர்கள் என்று சொல்லிவிட்டுப் பரிந்துரை செய்யுங்கள்

அட்டைப் படம் ஒன்று, "இப்போது இதைத்தான் வாசித்துக்கொண்டிருக்கிறேன், தவறவிடாதீர்கள்" என்று ஒரு வரி. நாவல்களைப் பற்றி நம் சமூக ஊடகப் பக்கங்களில் வரும் பதிவுகளில் பெரும்பாலானவை இவ்வளவுதான். அதை நம்பி ஐந்நூறு ரூபாய் கொடுத்து வாங்குகிறவர் அறுபதாம் பக்கத்தில் நின்றுபோகிறார். தனக்கு இலக்கியம் ஏறாது என்று முடிவுகட்டி, அடுத்த நாவலையும் தொடாமல் விட்டுவிடுகிறார். அவர் மேல் ஒரு குறையும் இல்லை. அந்த அறுபதாம் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பரிந்துரைத்தவர் சொல்லியிருக்க வேண்டும்.

நாவலை முடித்தபின் எழுதும் விமர்சனத்தைவிட, பாதியில் இருக்கும்போது எழுதும் குறிப்பே புதிய வாசகருக்கு அதிகம் உதவும் என்பது என் உறுதியான கருத்து. முடித்தவருக்கு மொத்தச் சித்திரம் கிடைத்துவிடுகிறது. ஏறி வந்த மேடு மறந்துபோகிறது. பாதியில் இருப்பவருக்குத்தான் எங்கே மூச்சு வாங்கியது, எந்தப் பெயர் எந்தப் பெயரோடு குழம்பியது, எந்த அத்தியாயத்தில் பிடி கிடைத்தது என்பதெல்லாம் பசுமையாக இருக்கும். அதைச் சொல்லுங்கள். கதைச் சுருக்கம் பின்னட்டையிலேயே இருக்கிறது.

நான் இப்போது மறுபடி வாசித்துக்கொண்டிருப்பது ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'. 1972இல் நூலாக வந்தது. அவர் எழுதியதே இரண்டு நாவல்கள்தான். முதலாவது 1959இல் வெளிவந்த 'கடலுக்கு அப்பால்'. தோணியைக் கையில் எடுத்தவர்களில் பலர் பாதியில் விடுகிறார்கள். அதற்கு மூன்று காரணங்கள் தெரிகின்றன. மூன்றுக்கும் வழி இருக்கிறது.

முதலாவது இடம். மெடான் நகரத்துக்குள் ஜப்பான் படை நுழையும் நாளில் கதை தொடங்குகிறது. தெருப்பெயர்கள் டச்சு, கடைக்காரர்கள் சீனர், பேச்சில் மலாய், நடுவில் நம் ஊர் வட்டிக்கடைகள். மெடான் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் வாசித்தால் முதல் ஐம்பது பக்கம் மூடுபனிதான். ஒரு வரைபடத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சுமத்ராவின் வடகிழக்கில் மெடான், அதற்கு வடக்கே அருகிலேயே பெலாவான் துறைமுகம், மலாக்கா நீரிணையைத் தாண்டினால் சுமார் 250 கிலோமீட்டரில் பினாங்கு. இவ்வளவு போதும், தலைப்பில் உள்ள தோணி எந்தக் கடலில் போகிறது என்பது பிடிபட்டுவிடும். கூடவே ஒரு துண்டுக் காகிதத்தில் சில காலக்குறிப்புகள்: 1941 டிசம்பரில் பினாங்கு ஜப்பானியர் கைக்குப் போகிறது, 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் சரணடைகிறது, மார்ச்சில் மெடான் விழுகிறது, 1943 ஜூலையில் நேதாஜி இந்திய தேசிய ராணுவத்தின் தலைமையை ஏற்கிறார், 1945 ஆகஸ்ட்டில் ஜப்பான் சரணடைந்து இரண்டே நாளில் இந்தோனேசியா விடுதலைப் பிரகடனம் செய்கிறது. சிங்காரம் இவற்றை நமக்கு விளக்கிக்கொண்டிருக்க மாட்டார். அந்தக் காலத்தில் அங்கேயே இருந்தவர் அவர். தெரிந்த ஆளிடம் பேசுவதுபோலப் பேசிக்கொண்டு போவார்.

இரண்டாவது, சொற்கள். மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன், மார்க்கா, கிட்டங்கி என்று நகரத்தார் தொழில் சொற்கள் வரிசையாக வரும். மேலாள் கடைப் பொறுப்பாளர், அடுத்தாள் அவருக்கு அடுத்த நிலை, பெட்டியடிப் பையன் கடைசிப் படி. மார்க்கா என்பது கடையின் அடையாள எழுத்து, கிட்டங்கி என்பது கடைகள் சேர்ந்து இருக்கும் கட்டடம். இந்த ஐந்தையும் பிடித்துக்கொண்டால் போதும். மலாய்ச் சொற்களுக்கு அகராதி தேட வேண்டாம், இடத்தைப் பார்த்தாலே பொருள் விளங்கிவிடும். சொல்லுக்குச் சொல் நின்றால் அந்த நடையின் ஓட்டம் கெட்டுவிடும். நாவலின் பெரிய பலமே அந்த ஓட்டம்தான்.

மூன்றாவதுதான் உண்மையான மேடு. கதை வேகமெடுக்கும் என்று நாம் எதிர்பார்க்கும் இடத்தில், நண்பர்கள் உட்கார்ந்து குடித்துக்கொண்டே பேசத் தொடங்குகிறார்கள். தமிழர் பெருமை, இலக்கியம், வரலாறு எதையும் விட்டுவைக்காத பேச்சு. மாணிக்கம் வாயைத் திறந்தால் பக்கங்கள் போகும். பழைய இலக்கிய நடையைப் பிடித்துக்கொண்டு அதையே கேலியும் செய்வார்கள். போர்க்கதை கேட்டு வந்தவர் இங்கேதான் புத்தகத்தை மூடுகிறார். என் பரிந்துரை, இந்தப் பகுதிகளை வாய்விட்டு வாசியுங்கள் என்பது. கண்ணால் வாசித்தால் நீளமாகத் தெரிவது, குரலில் வந்ததும் மேடைப்பேச்சின் கிண்டலாக மாறிவிடும். நாவலின் நாயகன் பாண்டியன் ஏன் இப்படி எதிலும் ஒட்டாத ஆளாக அலைகிறான் என்பதற்கான விதை முழுக்க அந்தப் பேச்சில்தான் இருக்கிறது. தாண்டிப் போனால் பின்பாதி வெறும் சாகசக் கதையாகச் சுருங்கிவிடும்.

அப்படியும் கடினமாக இருந்தால் 'கடலுக்கு அப்பால்' நாவலில் தொடங்குங்கள். அளவில் சிறியது, நேர்கோட்டில் போகிறது, செல்லையாவும் மரகதமும் என்று பற்றிக்கொள்ள ஒரு காதல் இருக்கிறது. வட்டிக்கடை உலகம் அதில் பழகிவிட்டால் தோணியில் ஏறுவது எளிது.

இதே முறையில் வேறு சில நாவல்களையும் சொல்லலாம். ஜோ டி குரூஸின் 'ஆழி சூழ் உலகு' (2004) ஆமந்துறை என்ற பரதவர் கிராமத்தின் மூன்று தலைமுறைக் கதை. வாசகர் தடுமாறுவது காலத்தில். கடலில் தத்தளிக்கும் மூன்று பேர் ஒரு பக்கம், ஊரின் பழைய கதை இன்னொரு பக்கம் என்று மாறி மாறி வருகிறது. ஒரு தாளில் குடும்ப மரம் வரைந்துகொண்டு வாசியுங்கள். யார் மகன் யார் என்பது குழம்பினால் நாவலின் பாதி வலி நமக்கு வந்து சேராது. காற்றுகளின் பெயர்களையும் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள்: வாடை வடக்கிலிருந்து, கொண்டல் கிழக்கிலிருந்து, சோழகம் தெற்கிலிருந்து, கச்சான் மேற்கிலிருந்து வீசுவது. காற்றின் பெயர் மாறும்போது ஆபத்தும் மாறுகிறது.

கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' (1976) வேறு வகைத் தடை. மொழி இனிக்கும், புத்தகமும் சிறியது, இருந்தும் சிலர் நடுவில் அலுத்துக்கொள்கிறார்கள். கதாநாயகனைத் தேடுவதுதான் காரணம். அதில் நாயகன் கிடையாது, ஊர்தான் இருக்கிறது. பூட்டி (கொள்ளுப்பாட்டி) மங்கத்தாயாரு அம்மாள் பழங்கதை சொல்லத் தொடங்கியதும், முன்னால் நடந்த கொலை என்ன ஆயிற்று என்று கேட்டுக்கொண்டிருக்காமல் அவள் பின்னாலேயே போய்விட வேண்டும். கரிசல் சொற்களுக்கு அவரே வட்டார வழக்குச் சொல்லகராதி தொகுத்திருக்கிறார், வேண்டுமானால் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம்.

தி. ஜானகிராமனின் 'மோகமுள்' நாவலைப் பரிந்துரைப்பவர்கள் யமுனாவை மட்டும் சொல்லிவிட்டு, சங்கீத குரு ரங்கண்ணாவைச் சொல்லாமல் விடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. காதல் கதை என்று நம்பிப் போகிறவர் சங்கீதப் பகுதிகளைப் புரட்டித் தள்ளுகிறார். நாயகன் பாபுவின் மோகம் இரண்டு திசையில் இழுக்கப்படுகிறது, ஒன்று யமுனா, இன்னொன்று நாதம். தம்புராவின் சுருதி எப்படி இருக்கும் என்று பத்து நிமிடம் கேட்டுவிட்டு அந்த அத்தியாயங்களுக்குள் போங்கள். ராக ஞானம் தேவையில்லை.

ஜெயமோகனின் 'விஷ்ணுபுரம்' (1997) பற்றி ஒரே ஒரு தகவல்: அதன் மூன்று பகுதிகளும் கால வரிசையில் இல்லை, இரண்டாம் பகுதி முதல் பகுதிக்கு முந்தைய காலம். இதைத் தெரிந்துகொண்டு நுழைந்தால், இரண்டாம் பகுதியின் நீண்ட தத்துவ விவாதங்களுக்குப் பொறுமை வரும். ஒரே அமர்வில் முப்பது பக்கத்துக்கு மேல் அங்கே போகாதீர்கள்.

இமையத்தின் 'செல்லாத பணம்' நாவலைப் பரிந்துரைக்கும்போது யாருக்குச் சொல்கிறோம் என்பதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். மொழியில் சிக்கல் ஏதுமில்லை, பெரும்பகுதி உரையாடல்தான், வேகமாக ஓடும். ஆனால் ஜிப்மரின் தீக்காயப் பிரிவில் நடக்கும் கதை அது. வீட்டில் அப்படியொரு இழப்பைச் சந்தித்தவர் கையில் முன்னறிவிப்பு இல்லாமல் அதைக் கொடுக்கக் கூடாது. "இது எங்கே நடக்கிறது தெரியுமா" என்று முதலில் சொல்லிவிட்டு முடிவை அவரிடம் விடுங்கள்.

முதல் ஐம்பது பக்கம் பிடிக்காவிட்டால் விட்டுவிடு என்ற யோசனையை அடிக்கடி பார்க்கிறேன். எல்லா நாவலுக்கும் அது பொருந்தாது. வார இதழில் தொடராக வந்த நாவல் முதல் அத்தியாயத்திலேயே பிடிக்க வேண்டிய கட்டாயத்தில் எழுதப்பட்டது. அடுத்த வாரமும் வாசகர் வர வேண்டுமே. 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வந்த 'பொன்னியின் செல்வன்' ஒவ்வொரு அத்தியாயத்தையும் ஒரு கொக்கியில் முடிக்கிறது. அதை ஒரு நாளைக்கு நான்கு அத்தியாயம் என்று வாசித்தால்தான் சுகம். ஒரே மூச்சில் வாசித்தால் திரும்பத் திரும்ப வரும் நினைவூட்டல்கள் சலிப்பூட்டும். நேரடியாக நூலாக எழுதப்பட்ட நாவல்கள் பல நிதானமாகத்தான் திறக்கும். பூமணியின் 'அஞ்ஞாடி' போன்ற ஆயிரம் பக்க நாவலுக்கு நூறு பக்கம் கொடுக்காமல் தீர்ப்புச் சொல்வது நியாயமில்லை.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவையும் பரிந்துரையின் பகுதிதான். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனதால் பொன்னியின் செல்வனைப் பல பதிப்பகங்கள் போடுகின்றன. அவற்றில் சுருக்கப் பதிப்புகளும் உண்டு. பொருளடக்கத்தைப் பாருங்கள். ஐந்து பாகங்களிலும் முறையே 57, 53, 46, 46, 91 என்று மொத்தம் 293 அத்தியாயங்கள் இருக்க வேண்டும். குறைந்தால் அது முழு நாவல் இல்லை. எந்தப் புத்தகமானாலும் கடையிலேயே பக்க எண்களை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். கட்டும்போது பாரம் (ஒரே தாளாக அச்சிட்டு மடிக்கும் பதினாறு பக்கத் தொகுதி) மாறிவிட்டால் பதினாறு பக்கம் விட்டுப்போயிருக்கும், அல்லது அதே பதினாறு பக்கம் இரண்டு முறை வந்திருக்கும். முன்னுரைகளைக் கடைசியில் வாசியுங்கள். மறுபதிப்புகளுக்கு எழுதப்படும் முன்னுரைகள் பல, நாவலை ஏற்கெனவே வாசித்தவருக்காக எழுதப்பட்டவை. நாயகன் சாவது வரை அதில் இருக்கும்.

நீண்ட நாவல் எதுவும் வேண்டாம், ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் இருக்கிறது என்பவருக்கு என் தேர்வு இரண்டு. ஒன்று அசோகமித்திரனின் 'தண்ணீர்' (1973). சென்னையின் குடிநீர்ப் பஞ்சமும் ஜமுனாவின் வாழ்க்கையும் ஒன்றன்மேல் ஒன்று படிந்துகொண்டே போகும். பெரிதாக எதுவும் நடக்காதது போலவே இருக்கும், வேகமாக வாசித்தால் நழுவிவிடும். இன்னொன்று பூமணியின் 'வெக்கை' (1982). 'அசுரன்' படத்தைப் பார்த்துவிட்டோம், கதை தெரியும் என்று ஒதுக்காதீர்கள். படத்தில் தகப்பனின் பழைய வாழ்க்கைக்குப் பெரிய இடம், சண்டைக்கும் பெரிய இடம். நாவலிலோ பதினைந்து வயதுச் சிதம்பரம் முதல் பக்கத்திலேயே வெட்டிவிட்டு ஓடுகிறான். அதன்பின் ஏறக்குறைய ஒரு வாரம் அப்பனும் மகனும் காட்டில் என்ன சமைத்தார்கள், எங்கே படுத்தார்கள், என்ன பேசினார்கள் என்பதுதான் நாவல். பழிவாங்கல் எப்போது வரும் என்று காத்திருந்தால் ஏமாற்றமாக இருக்கும். அவர்கள் சோறு பொங்கும் பத்திகளை நிதானமாக வாசியுங்கள், இருவருக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்பது அங்கேதான் தெரியவரும்.