மே 10 மட்டும் போட்டுப் பார்த்தால் போதுமா?

மென்பொருள் திட்ட மேலாண்மையும் தர உறுதியும் என்ற பாடம் என்றால் எங்கள் பிள்ளைகளுக்குக் கொட்டாவிதான். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பத்தாயிரம் வரி நிரலுக்கு, உழைப்பை மதிப்பிடும் கோகோமோ சூத்திரப்படி சுமார் 27 ஆள்-மாதம் (ஒருவர் ஒரு மாதம் செய்யும் வேலை ஓர் ஆள்-மாதம்) என்று கணக்குப் போட்டு முழு மார்க் வாங்குகிறான். பத்தாயிரம் வரி நிரலை அவன் கண்ணால் பார்த்ததே இல்லை. கடைசி வருடம் மதுரைக்குப் பஸ் ஏறி, காசு கொடுத்து ப்ராஜெக்ட் வாங்கி வருகிறவர்களும் உண்டு. (ஊரறிந்த ரகசியம்.)

என் கட்சி இதுதான்: இந்தப் பாடத்தில் புதிதாக எதையும் எழுத விடக்கூடாது. சீனியர்கள் எழுதிவிட்டுப் போனதைக் கொடுத்து, இதை ஓட வை, பிழையைக் கண்டுபிடி என்று விட வேண்டும். வேலையில் சேர்ந்ததும் பெரும்பாலும் அதைத்தானே செய்யப்போகிறார்கள்?

ராமேஸ்வரத்தில் விசைப்படகு கடலுக்குப் போக மீன்வளத் துறையிடம் டோக்கன் வாங்க வேண்டும். போன பேட்ச் பயிற்சிக்காக அப்படியொரு செயலி செய்திருந்தது. மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். இந்த வருடப் பிள்ளைகள் மே 10 போட்டுப் பார்த்தார்கள். டோக்கன் வரவில்லை. சரி, பாஸ் என்று எழுதிவிட்டார்கள். ஏப்ரல் 14, 15, ஜூன் 14, 15 நான்கையும் போடுங்கள் என்றேன். ஏப்ரல் 15-க்கு டோக்கன் கொடுத்துவிட்டது! நிரலில் ‘15-ஐ விடப் பெரியது’ என்று மட்டும் இருந்தது, ‘அல்லது சமம்’ விட்டுப்போயிருந்தது. இப்படி எல்லையிலும் அதை ஒட்டியும் உள்ள மதிப்புகளைப் போட்டுப் பார்ப்பதுதான் எல்லை மதிப்புச் சோதனை. அதைத் தனியாகப் பாடம் நடத்தும் வேலை எனக்கு இல்லாமல் போனது.

அப்புறம் பாம்பன் பையன் ஒருவன் கேட்டான்: “சார், நாட்டுப்படகுன்னு போட்டாலும் தடைக்காலம்னு சொல்லுதே, தடை விசைப்படகுக்குத்தானே?” அந்த இடத்தில் நிரல் எழுதியவர்கள் நினைத்தபடியேதான் ஓடுகிறது. கடலுக்குப் போகிற ஒருவரிடமும் கேட்காமல் நினைத்துவிட்டார்கள். சரியாகச் செய்தோமா என்பது ஒன்று, சரியானதைத்தான் செய்தோமா என்பது வேறு என்று மென்பொருள் பொறியியல் அறிஞர் பேரி போம் பிரித்துச் சொன்னது அன்றைக்கு வகுப்பில் எல்லோருக்கும் புரிந்தது.

மார்க் எப்படிப் போடுவது என்று சக ஆசிரியர்கள் கேட்கிறார்கள். பிழைகளை எண்ணிப் போட்டால் எழுத்துப்பிழையாகக் கொண்டுவந்து குவிப்பார்கள். நான் பிழை அறிக்கையைத்தான் பார்க்கிறேன். அதைப் படித்து இன்னொரு குழு அதே பிழையை வரவழைக்க முடிந்தால் முழு மார்க். ‘வேலை செய்யவில்லை’ என்று ஒற்றை வரி எழுதினால் முட்டை. நடுவில் ஓர் ஆளைத் தூக்கி, பின்தங்கிய குழுவில் போடுவதும் உண்டு. தாமதமான வேலையில் ஆளைச் சேர்த்தால் இன்னும் தாமதமாகும் என்று மென்பொருள் திட்டங்களைப் பற்றி எழுதிய ஃபிரெட் புரூக்ஸ் 1975-ல் சொன்னதை அந்த வாரமே அனுபவிப்பார்கள். என்னைத் திட்டவும் செய்வார்கள்.

கீழக்கரை, தொண்டி, பரமக்குடிப் பக்கம் இந்தப் பாடம் எடுப்பவர்கள் இருந்தால் உள்பெட்டிக்கு வாருங்கள். எங்கள் பிள்ளைகளின் நிரலை உங்களுக்கு அனுப்புகிறேன், உங்களுடையதை எங்களுக்குத் தாருங்கள். வெளியாள் கண்ணில் படுகிற பிழையே தனி.