கருமுத்துச் சிப்பி தஹிதியில் மட்டும்தானா?

கருமுத்துச் சிப்பி பசிபிக் கடலில் பிரெஞ்சு பாலினேசியாவைச் சேர்ந்த தஹிதி தீவைத் தவிர வேறெங்கும் கிடையாது என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். அப்படி இல்லைங்க. பிங்க்டாடா மார்கரிட்டிஃபெரா (Pinctada margaritifera) என்ற அந்த இனம் செங்கடல், கிழக்கு ஆப்பிரிக்கா தொடங்கி நம் அந்தமான் வழியாகப் பிரெஞ்சு பாலினேசியா வரை பவளத்திட்டுகளில் ஒட்டி வாழ்கிறது. ஓட்டின் உட்புறம் வெள்ளிப் பளபளப்பு, விளிம்பில் மட்டும் கரும்பட்டை. சூடானின் டொங்கோனாப் விரிகுடாவில் 1900களின் தொடக்கத்திலேயே இதை ஓட்டுக்காக வளர்த்தார்கள். பசிபிக்கிலேயே உள்ள குக் தீவுகளின் மனிஹிகியிலும் இதே சிப்பியில்தான் கருமுத்து எடுக்கிறார்கள். தஹிதி முத்து என்பது வியாபாரப் பெயர். பிரெஞ்சு பாலினேசியாவிலேகூட பண்ணைகள் பெரும்பாலும் தஹிதியில் இல்லை, துவாமொத்து, காம்பியே தீவுகளில்தான் இருக்கின்றன.

சந்தேகம் இருந்தால், உயிரினங்கள் எங்கெங்கே காணப்பட்டன என்ற பதிவுகளைத் திரட்டி வைத்திருக்கும் ஜிபிஃப் (GBIF) தளத்தில் அறிவியல் பெயரை லத்தீன் எழுத்தில் போட்டுத் தேடுங்கள். எங்கெல்லாம் பதிவாகியிருக்கிறது என்று வரைபடத்தில் புள்ளி புள்ளியாக வரும். செங்கடல் பக்கம் பெரிதாக்கிப் பாருங்கள்.